ஒரு நல்ல ரிப்போர்ட் போதுமா?

இன்னைக்கு ஒரு மாத்திரையைப் பத்திப் பேசப்போறேன். காரணம், என் அக்கா.

அக்காவுக்கு ஐடிபி. நம்ம நோய் எதிர்ப்பு மண்டலமே ரத்தத் தட்டணுக்களை எதிரின்னு நினைச்சு, அதுங்க மேல ஆன்டிபாடியை ஒட்டிவிடும். மண்ணீரல்ல இருக்கிற செல்கள் அதை விழுங்கிடும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல குறைஞ்சது ஒன்றரை லட்சம் இருக்கணும். அக்காவுக்கு 12 ஆயிரம். பல் தேய்ச்சாலே ரத்தம். ஸ்டீராய்டு கொடுத்தாங்க, 80 ஆயிரம் ஆச்சு. அம்மா கோயில்ல தேங்காய் உடைச்சாங்க. மூணே வாரத்துல மறுபடியும் 18 ஆயிரம்.

அப்போதான் ரில்சாபுருட்டினிப் பத்திப் படிச்சேன். பிடிகே-ன்னு ஒரு என்சைம். ஆன்டிபாடி தயாராகறது, தட்டணுக்களை விழுங்கறது, ரெண்டுக்குமே அது வழியா சிக்னல் போகுது. இந்த மாத்திரை அதைத் தடுக்குது.

லூனா 3 ஆய்வுல 202 பெரியவங்க. 133 பேருக்கு தினம் ரெண்டு வேளை 400 மில்லிகிராம். 69 பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

ஆச்சரியம் என்னன்னா, முதல் 12 வாரத்துல போலி மாத்திரை எடுத்தவங்கள்லயே 22 பேருக்கு எண்ணிக்கை நல்லா ஏறியிருக்கு! இந்த நோயே ஏறி இறங்கும். சிலர் பழைய மருந்தையும் தொடர்ந்து எடுத்தாங்க. அதனால, 'ஏறுச்சா?'ங்கறது சரியான கேள்வி இல்ல. 'நின்னுச்சா?'ங்கறதுதான் கேள்வி. 24 வாரத்துல கடைசி 12 வாரத்தை எடுத்துக்கிட்டா, அதுல 8 வாரமாவது 50 ஆயிரத்துக்குக் குறையக்கூடாது. அவசர மருந்தும் எடுத்திருக்கக்கூடாது. இதுதான் அளவுகோல்.

மாத்திரை எடுத்தவங்கள்ல 23 சதவீதம் பேர் இதுல தேறினாங்க. போலி மாத்திரையில ஒருத்தர்கூட இல்ல.

நாங்க கோடு எழுதும்போதும் இதே கதைதான். டெஸ்ட் ஒரு தடவை பாஸ் ஆனா பக் போயிடுச்சுன்னு யாரும் ரிலீஸ் பண்ண மாட்டோம்.

23 சதவீதம்னா, முக்கால்வாசிப் பேருக்கு அந்த அளவுக்குப் பலன் இல்லைன்னும் அர்த்தம். வயிற்றுப்போக்கு, குமட்டல் மாதிரி பக்கவிளைவும் இருக்கு. ஆனா மத்த சிகிச்சை போதாதவங்களுக்கு இது இன்னொரு வழி. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தாச்சு.

அக்காவுக்கு இது சரிவருமான்னு டாக்டர்தான் சொல்லணும். நான் செஞ்சது ஒண்ணுதான்: அவளோட எல்லா ரிப்போர்ட்டையும் தேதிவாரியா ஒரே ஷீட்ல போட்டுட்டேன். இப்போ கடைசி நம்பரை மட்டும் பார்த்து யாரும் குதிக்கறதும் இல்ல, அழறதும் இல்ல.

போன வாரம் 55 ஆயிரம். "தேங்காய் வாங்கட்டுமா?"ன்னு அம்மா கேட்டாங்க. "எட்டு வாரம் போகட்டும்மா"ன்னா அக்கா.