இரத்தம் ஏறும்போது பக்கத்தில் இருங்கள்

(ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே திருவண்ணாமலையில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன் பாக்கி எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இனி பத்து நிமிடம் நம்ம உயிரைப் பற்றிப் பேசுவோம்.

2018 டிசம்பரில் நம்ம மாவட்டத்துச் சாத்தூர் அரசு மருத்துவமனையில் நடந்தது ஞாபகம் இருக்கா? இரத்தசோகை இருந்த ஒரு கர்ப்பிணிக்கு இரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்த அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இரத்தம் கொடுத்த இளைஞருக்கு 2016-லேயே தொற்று தெரிய வந்திருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. பின்னால் வேறு பரிசோதனையில் தெரிந்ததும் அவரே வந்து உண்மையைச் சொன்னார். அந்த வேதனையிலேயே உயிரை விட்டார். அவர் மேல் பழி போடாதீங்க. தவறு பரிசோதனையில்.

2019 ஜனவரியில் மதுரையில் அந்தச் சகோதரிக்குக் குழந்தை பிறந்தது. நல்லவேளை, குழந்தைக்குத் தொற்று இல்லை. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஆனால் பணத்தால் போனது திரும்பி வருமா?

இதைக் கேட்டுட்டு, "எங்களுக்கு இரத்தமே வேண்டாம்"னு சொல்லிடாதீங்க. பிரசவத்தில் இரத்தப்போக்கு அதிகமானால் தாயைக் காப்பாற்றுவது இரத்தம்தான். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பையையும் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. "பரிசோதனை ஆயிடுச்சா சிஸ்டர்?" என்று கேட்பது நம்ம உரிமை.

இரத்தம் ஏறும்போது கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை:

1. பையில் இருக்கும் பெயரும் இரத்தப் பிரிவும் நோயாளியுடையதுதானா என்று நர்ஸைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

2. முதல் 15 நிமிடம் ரொம்ப முக்கியம். குளிர் நடுக்கம், காய்ச்சல், அரிப்பு, இடுப்பு வலி, மூச்சுத் திணறல் எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

3. சீக்கிரம் முடியட்டும் என்று நீங்களாகத் திருகைத் திருப்பாதீர்கள். பையை வெந்நீரில் வைக்காதீர்கள்.

4. ஊசி போட்ட இடம் வீங்கினாலோ எரிந்தாலோ சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏறும்போதும் இப்படித்தான்.

இன்னொன்று. உடம்பு அசதின்னா "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்"னு நாமே கேட்கிறோம். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரைதான். வாயால் சாப்பிட முடிகிறவருக்குக் கஞ்சியே போதும். தேவையில்லாத ஊசி எதற்கு?

இரத்தம் ஏற்றும் நிலைமையே வராமல் தடுப்பதுதான் புத்திசாலித்தனம். கர்ப்பிணிக்கு இரத்த அளவு 11-க்குக் குறைந்தால் இரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் ஆபத்து. சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரையோடு டீ, காபி மட்டும் குடிக்காதீர்கள். முருங்கைக்கீரை நம்ம கொல்லையிலேயே இருக்கு.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தங்கள் தெருவில் உள்ள கர்ப்பிணிகளைப் பார்த்துப் பேசி, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று கேட்டு வாருங்கள். கடன் தவணையை ஒரு நாள்கூட மறக்காத நமக்கு இது முடியாதா?