கை தூக்கினால் நிற்கணும்

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் பேசிய உரை)



ரஷ்யாவில் மோட்டார் சைக்கிளில் போன அனுபவத்தைப் பேசச் சொல்லி எங்களைக் கூப்பிட்டிருக்காங்க. நாங்கள் ரெண்டு பேரும் அண்ணி, நாத்தனார். "அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டுல ஒத்துமையா இருக்கிறதே பெரிய விஷயம், நீங்க ரஷ்யா வரைக்கும் சேர்ந்து போனீங்களா?"ன்னு சில பேர் கேட்டீங்க. போனோம். 2017 ஜூலை மாதம். வண்டிகளைக் கப்பலில் விளாதிவோஸ்தோக் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து மேற்கே பைக்கால் ஏரி வரைக்கும் ஓட்டினோம். முழுப் பயணத்தையும் சொல்ல நேரம் போதாது. அதில் ஒரே ஒரு நாளை மட்டும் சொல்கிறோம்.

ரஷ்யான்னு சொன்னாலே பனிதான் நமக்கு ஞாபகம் வரும். கபாரோவ்ஸ்க் நகரத்திலிருந்து சீத்தா நகரம் வரை போகிற அமூர் நெடுஞ்சாலை சுமார் 2,100 கிலோமீட்டர். அதை முழுசாகத் தார் போட்டு முடித்ததே 2010-ல்தான். அந்தப் பக்கம் குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி வரை போகும். ஆனால் ஜூலையில் 35 டிகிரியைத் தாண்டுகிற நாட்களும் உண்டு. நமக்குப் பருவமழை இருக்கிற மாதிரி, அங்கேயும் கடல் பக்கமிருந்து வருகிற காற்று ஜூலை, ஆகஸ்டில்தான் மழையைக் கொட்டும். 2013-ல் அமூர் ஆற்றில் பெரிய வெள்ளம் வந்து ஊர் ஊராகத் தண்ணீர் புகுந்தது. காலையில் வெயில், மாலையில் இடி என்பது அந்த மாதத்தில் அதிசயமில்லை.

கிளம்பும் முன்னாலேயே நாங்கள் ஒரு நோட்டில் மூணு தீர்மானம் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். குழுவில் பழகின பழக்கம்தான். ஒண்ணு, யாருக்கு அன்றைக்கு முடியலையோ அவங்கதான் முன்னால ஓட்டணும். அவங்க வேகம்தான் ரெண்டு பேருக்கும் வேகம். ரெண்டு, மதியம் வண்டியை நிறுத்தி, மீதித் தூரம் போகலாமா வேண்டாமான்னு மறுபடியும் பேசணும். மூணு, யார் கை தூக்கினாலும் உடனே ரெண்டு பேரும் நிற்கணும். ஏன், எதுக்குன்னு கேள்வி எல்லாம் நின்ன பிறகுதான்.

அன்றைக்கு பெலோகோர்ஸ்க் ஊரைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டிருந்தோம். 11 மணிக்கே வண்டி மீட்டரில் 36 டிகிரி. கனமான ஜாக்கெட், முழங்கால் வரை பூட்ஸ், தலையில் ஹெல்மெட். அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓட்டலாம்னு தோணும். ஆனால் விழுந்தால் தோலைக் காப்பது அதுதான். ரெண்டு பக்கமும் காடு, வண்டியை நிறுத்தினால் மாட்டு ஈ மொய்க்கும். கழுத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வயிற்றுப்போக்குக்கு நம்ம வீட்டுல குழந்தைக்குக் கலக்குகிற அதே கரைசல்தான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தோம்.

மதியக் கூட்டத்தில் போகலாம்னுதான் முடிவாச்சு. 4 மணி சுமாருக்கு மேற்கே வானம் கறுத்தது. ராத்திரி தங்கப் பணம் கட்டின இடத்துக்கு இன்னும் 60 கிலோமீட்டர். ஒரு மணி நேரம்தான். இருட்டுவதற்கும் 9 மணி சுமார் ஆகும். அப்போதுதான் முன்னால் போன நாத்தனார் கை தூக்கினாள்.

நின்றோம். "அண்ணி, தலை வலிக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு. எனக்குப் போக வேண்டாம்னு படுது" என்றாள். உடம்பு வியர்வையில் நனைஞ்சிருந்தது, கால் நடுங்கியது. வெயில் தாக்குவதற்கு அதெல்லாம் முதல் அறிகுறி. அதையும் மீறி வெயிலிலேயே இருந்தால் பேச்சு குழறும், நினைவு தப்பும். அது உயிருக்கே ஆபத்து.

மின்னலைப் பார்த்து எண்ணினோம். மூணு வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. 21 எண்ணும்போது இடி கேட்டது. ஏழு கிலோமீட்டர். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் 30 வினாடி இல்லைன்னா உடனே கட்டடத்துக்குள்ளே போயிடணும். காரில் இருப்பவர்களுக்கு இரும்புக் கூரை இருக்கு. மோட்டார் சைக்கிளில் நம்ம தலைதான் கூரை. தனி மரத்தடியில் ஒதுங்குவது அதைவிட மோசம்.

நாலு கிலோமீட்டர் பின்னால் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஒரு சின்ன ஓட்டலைப் பார்த்திருந்தோம். "சரி பாப்பா, திரும்பிடலாம்." அவ்வளவுதான் பேச்சு. வந்த வழியே திரும்பினோம்.

ஓட்டல் நடத்துகிற அம்மா வானத்தைக் காட்டி "க்ரஸா, க்ரஸா" என்றார்கள். இடிமழைன்னு அர்த்தம். நாத்தனாரை நிழலில் படுக்கவைத்து, பூட்ஸைக் கழற்றி, முகம் கழுத்தெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். அப்புறம் 'குவாஸ்' கொடுத்தார்கள். கம்பு ரொட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்த மாதிரி இருந்தது. அங்கே அது ரை என்கிற தானியத்தில் செய்த ரொட்டி. நம்ம நீராகாரம் ஞாபகம் வந்தது. கால் மணி நேரத்தில் மழை பிடித்தது. ரோடே தெரியவில்லை. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தோம். அன்றைக்கு அங்கேயே தங்கினோம். கட்டின பணம் போச்சு.

சகோதரிகளே, இதில் ஒரு விஷயத்தை யோசியுங்கள். அந்த 60 கிலோமீட்டரில் எங்களுக்கு என்ன ஆகியிருக்கும்னு எங்களுக்குத் தெரியாது. ஒண்ணும் ஆகாமல்கூடப் போயிருக்கலாம். நில்லுன்னு சொன்னவங்க சொன்னது சரிதான்னு நிரூபிக்க வழியே கிடையாது. போன பணம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் கை தூக்க நிறைய பேர் தயங்குகிறோம். "உன்னாலதான் தாமதம்"னு ஒரு வார்த்தை கேட்டவள் அடுத்த தடவை கை தூக்கவே மாட்டாள்.

நம்ம குழுவிலும் இப்படித்தானே? பெரிய கடன் எடுக்கும்போது ஒரு உறுப்பினர், "எனக்குத் தவணை கட்ட முடியும்னு தோணலை"ன்னு சொல்ல வாயெடுப்பாள். பத்தொன்பது பேர் திரும்பிப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வாள். பிறகு வீட்டில் மூக்குத்தியை அடகு வைப்பாள். வானம் கறுத்த பிறகு விதி போட முடியாது. முதல் கூட்டத்திலேயே தீர்மான நோட்டில் எழுதுங்கள்: முடியலைன்னு ஒருத்தி சொன்னால் முதலில் நிற்போம், காரணம் அப்புறம் கேட்போம், கேலி பேசமாட்டோம். உங்கள் குழுவில் இதுவரை கை தூக்காத உறுப்பினர் யாருன்னு அடுத்த கூட்டத்தில் பாருங்கள். அவங்க பக்கத்தில் போய் உட்காருங்கள்.