ஒரு பென்னிக் கிண்ணம்



பழம்பொருள் திரட்டுவோர் அரண்மனைப் பொருள்களையே நாடுவர் என்பது பொதுவான எண்ணம். ஆயினும், இங்கிலாந்தில் பழைய கண்ணாடிக் கிண்ணங்களைச் சேகரிப்போர் விரும்பித் தேடும் பொருள்களுள் ஒன்று, தெருவோர ஏழைச் சிறுவர்தம் கையில் இருந்ததாகும். 'பென்னி லிக்' என்பது அதன் பெயர். ஒரு பென்னிக்கு ஐஸ்கிரீம் வாங்கி, நாவால் வழித்துண்டு, கிண்ணத்தை வணிகரிடமே திருப்பித் தந்ததால் வந்த பெயர் அது.

சுவிட்சர்லாந்திலிருந்து லண்டனில் குடியேறிய கார்லோ கட்டி என்னும் வணிகர், 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில், செல்வர் உணவாயிருந்த ஐஸ்கிரீமை எளியோர்க்கும் உரியதாக்கினார். அவருடைய பனிக்கட்டிக் கிடங்கு 1992 முதல் லண்டன் கால்வாய் அருங்காட்சியகமாக விளங்குகிறது. இத்தாலியர் பலரும் தள்ளுவண்டிகளோடு இவ்வணிகத்தில் இறங்கினர். அரைப் பென்னி, ஒரு பென்னி, இரு பென்னி என மூன்று அளவுகளில் கிண்ணங்கள் இருந்தன.

கிண்ணத்தின் அமைப்பே வியப்புக்குரியது. அடி கனத்தது, சுவர் தடித்தது, மேலே உள்ள குழியோ மிகச் சிறியது. தடித்த கண்ணாடி, உள்ளிருக்கும் சிறிதளவைப் பெரிதாக்கிக் காட்டும். சிறுவனின் கண் நிறையும், வாய் நிறையாது.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. ஒருவர் உண்ட கிண்ணம் சரிவரக் கழுவப்படாமலே அடுத்தவர் கைக்குச் சென்றது. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882இல் கண்டறிந்து உலகுக்கு உரைத்தார். இக்கிண்ணத்தின் வழி நோய் பரவும் என்ற அச்சம் வலுக்கவே, 1899இல் லண்டனில் அதற்குத் தடை வந்தது. பின்னர், உண்ணத்தகு கிண்ணம் வார்க்கும் அச்சுக்கு இத்தாலோ மார்க்கியோனி 1903இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கிண்ணத்தையே உண்டுவிட்டால் திருப்பித் தருவதற்கு எதுவும் இல்லை அன்றோ!

இன்று சேகரிப்போர் இக்கிண்ணத்தை ஒளியில் உயர்த்திப் பார்க்கின்றனர். கண்ணாடிக்குள் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளைத் தேடுகின்றனர். அடியில் காலம் இட்ட கீறல்களைத் தடவுகின்றனர். கீறல்கள் ஒரே சீராக இருந்தால் போலியோ என ஐயுறுகின்றனர். இத்தேர்ச்சி போற்றத்தக்கதே. ஆனால், அழகை மட்டும் பேழையில் வைத்து, ஏமாந்த சிறுவனையும் பரவிய நோயையும் வெளியே நிறுத்தினால், அச்சேகரிப்பு பாதி உண்மையே ஆகும்.

பழஞ்சொற்களைத் திரட்டும் கவிஞர்க்கும் இது பொருந்தும். சொல்லின் மெருகை மட்டும் எடுத்துக்கொண்டு, அது பட்ட பாட்டை விட்டுவிடலாகாது. தடித்த சொற்களுக்குள் சிறிதளவு பொருளை இட்டு, பெரிதெனக் காட்டுவதும் ஆகாது. வாசகர் தருவது, அவர்தம் கையிலுள்ள ஒரே காசாகவும் இருக்கலாம்.