சிரிக்கக் கற்றுக்கொடுத்த தோழர்



புளியங்குடியில் ராஜ் கௌதமனைப் பற்றிப் பேசுவது யாரோ ஒரு வெளியூர்க்காரரைப் பற்றிப் பேசுவது ஆகாது. இங்கிருந்து வாசுதேவநல்லூர், சிவகிரி, ராஜபாளையம் என்று மலையை இடப்பக்கமாக வைத்துக்கொண்டு வடக்கே போனால், வத்திராயிருப்புப் பக்கத்தில் அவர் பிறந்த புதுப்பட்டி. படித்தது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில். புதுச்சேரி அரசுக் கல்லூரிகளில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியர். 2024 நவம்பர் 13 அன்று நம்மை விட்டுப் போனார்.

நான் அவரிடம் படித்தவள் இல்லை. அவரோடு வேலை பார்த்தவளும் இல்லை. ஆனாலும் அவரை நண்பர் என்றே சொல்வேன். அதற்குக் காரணம் உண்டு.

நான் சமூகவியல் முதுகலை படித்தபோது விடுதியில் என் அறைத்தோழி ஒரு கிறித்தவப் பெண். ஊரில் அவர்களுக்குத் தெரு தனி, கல்லறை தனி. சாதிச் சான்றிதழில் மட்டும் 'பிற்படுத்தப்பட்டோர்'. "நீ எந்தக் கோட்டா?" என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அப்போது புதிதாக வந்திருந்த 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) கைமாறி கைமாறி எங்கள் அறைக்கும் வந்தது. ஒரு நள்ளிரவில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டு விழித்தேன். "ஏட்டி, எங்க வீட்டுக் கதையை எழுதி வச்சிருக்காரு" என்றாள். அதுவரை மறைத்ததை மறுநாள் சாப்பிடும்போது எல்லாரிடமும் அவளே சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

அந்தக் கதையின் வேர் ஒரு ஆணையில் இருக்கிறது. பட்டியல் சாதியினர் யார் என்று வரையறுத்த குடியரசுத் தலைவர் ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10. அதே மாதம் 25ஆம் தேதி பிறந்தவர் ராஜ் கௌதமன். இந்துவாக இருந்தால்தான் பட்டியலில் இடம் என்றது அந்த ஆணை. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றும் வெளியேதான். நாவலில் சிலுவைராஜ் கடைசியில் வேலைக்காக இந்துவாகிறான். இதை எழுத்தாளர் தியாகமாகவும் காட்டவில்லை, துரோகமாகவும் காட்டவில்லை. முதலில் தன்னையே கேலி செய்கிறார், பிறகு அந்த ஏற்பாட்டைக் கேலி செய்கிறார்.

அவருடைய அன்பு என்று நான் சொல்வது இதைத்தான். மேலே நின்றுகொண்டு காட்டுகிற இரக்கம் அவரிடம் இல்லை. தன் அவமானத்தை அவர் முதலில் சொன்னார். அதனால் என் தோழிக்குத் தன்னுடையதைச் சொல்ல முடிந்தது.

அவரும் சமூகவியலில் முதுகலை பெற்றவர். 'தலித் பண்பாடு' (1993) எழுதிய ஆய்வாளர். தங்கை பாமாவின் 'கருக்கு' அதற்கு முந்தைய ஆண்டு வந்தது. எங்கள் பாடப் புத்தகத்தில் 'சமூக விலக்கம்' என்று ஒரு வரியில் முடிந்ததை, ஒரு பையன் பள்ளிக்கூடம் போகிற கதையாக, வேலை தேடி அலைகிற கதையாக அவர் எழுதினார்.

அவர் மறைந்த பதின்மூன்றாம் நாள், 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. படித்தபோது சிலுவைராஜ் நினைவுக்கு வந்தான். எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று சட்டம் கேட்கிறது. ஊர் அதைக் கேட்பதே இல்லை. எந்தத் தெரு என்றுதான் கேட்கிறது. ஞானஸ்நானத்தில் சாதி போகவில்லை என்றால் உரிமை மட்டும் எப்படிப் போகும்? இந்தக் கேள்வியை அவர் நம்மிடம் விட்டுப் போயிருக்கிறார்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விடுதியிலும் சான்றிதழை மறைத்து வைத்திருக்கிற ஒருவர் இருப்பார். அவரிடம் எதையும் கேட்காதீர்கள். இந்த நாவலைக் கொடுங்கள். அவர் சிரிக்கிற வரைக்கும் பக்கத்தில் இருங்கள்.