எல்லோருக்கும் ஒரே கிண்ணம்: பால், முட்டை, நட்ஸ் இல்லாத பரங்கிக்காய் ஐஸ்கிரீம்

அக்டோபர் வந்தாச்சு. இங்கே நியூ ஜெர்சியில் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமா நிக்குது. இனி நவம்பர் கடைசி வரைக்கும் விசேஷத்துக்குக் குறைவே இல்லை. நவராத்திரி, ஹாலோவீன், தீபாவளி, தேங்க்ஸ்கிவிங் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் மேசை நிறைய இனிப்பு இருக்கும். பால், முட்டை, கோதுமை, முந்திரி பாதாம் வகை, இந்த நாலும் இல்லாத ஒரு இனிப்பு அந்த மேசையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

என் சின்ன மகளுக்குப் பால் ஆகாது. முந்திரியும் பிஸ்தாவும் ஆகாது. விருந்துக்குப் போனால் அவளுக்கென்று ஒரு தனி டப்பா என் பையில் இருக்கும். பாதுகாப்புக்கு அது போதும். ஆனால் மற்ற பிள்ளைகள் எல்லாம் ஒரே கிண்ணத்தைச் சுற்றி நின்று சாப்பிடும்போது, இவள் மட்டும் ஓரமாகப் போய் டப்பாவைத் திறப்பதைப் பார்த்தால் மனசு கேட்காது. அதனால் எங்கள் வீட்டு விருந்துகளில் அவளுக்குத் தனி இனிப்பு கிடையாது. எல்லோருக்கும் எதுவோ, அதுதான் அவளுக்கும். அதற்குக் கைகொடுத்தது ஐஸ்கிரீம்.

குளிர் ஆரம்பிக்கிற நேரத்தில் ஐஸ்கிரீமா என்று கேட்பீங்க. காரணம் இருக்கு. கேக்கைத் தாங்கிப் பிடிப்பது கோதுமையும் முட்டையும்தான். இரண்டையும் எடுத்துவிட்டு கேக் செய்வது சிரமமான வேலை. ஐஸ்கிரீமுக்கு மாவு வேண்டாம், முட்டையும் கட்டாயமில்லை. பாலுக்கு மட்டும் ஒரு மாற்று கண்டுபிடித்தால் போதும். இரண்டு நாள் முன்னாலேயே செய்து ஃப்ரீசரில் வைத்துவிடலாம்.

அந்த மாற்று நம் வீட்டிலேயே இருக்கு: தேங்காய்ப்பால். பருப்புப் பாயசத்தில் வெல்லமும் தேங்காய்ப்பாலும் காலங்காலமாகச் சேர்ந்தே இருக்கின்றன. ஐஸ்கிரீமுக்குத் தேவையான கொழுப்பு அதில் உண்டு. இந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைக்கிற பரங்கிக்காயையும் சேர்த்தால் நல்ல சதைப்பிடிப்பு வந்துவிடும்.

ஆனால் கடைக்குப் போகும் முன் லேபிள் பற்றிக் கொஞ்சம் பேசணும். அமெரிக்காவில் 2004-ல் வந்த சட்டப்படி பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நட்ஸ், வேர்க்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டும் உணவில் சேர்க்கப்பட்டிருந்தால் பாக்கெட்டில் சொல்லியாகணும். 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் அந்தப் பட்டியலில் இருக்கு. ஆனால் 'பால் கலந்திருக்கலாம்' என்ற எச்சரிக்கை வரி கட்டாயம் இல்லை, அது தயாரிப்பாளரின் விருப்பம். ஆகவே அந்த வரி இல்லை என்பதை வைத்து மட்டும் நம்பிவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்க.

இன்னும் சில இடங்களில் ஏமாந்துவிடுவோம். லாக்டோஸ் இல்லாத பால் என்றால் பாலில் உள்ள சர்க்கரைதான் இல்லை. அலர்ஜி வருவது பாலின் புரதத்தால், அது அப்படியே இருக்கும். ஆட்டுப்பாலும் தீர்வு ஆகாது, அதன் புரதமும் பசும்பால் புரதம் போன்றதுதான். வீகன் ஐஸ்கிரீம் பலவற்றில் முந்திரியோ பாதாமோதான் அடிப்படை. தேங்காய்ப்பால் பவுடர் பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும், அது பால் புரதம். அதனால் டின்னில் வருகிற கெட்டித் தேங்காய்ப்பாலை வாங்குங்க. அதிலும் லேபிளைப் படிங்க.

தேங்காய் நட்ஸ் இல்லையா என்று பலர் கேட்பாங்க. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. முன்பு தேங்காயை அந்தப் பட்டியலில் வைத்திருந்தது, 2025 ஜனவரியில் எடுத்துவிட்டது. நட்ஸ் அலர்ஜி உள்ள பெரும்பாலோருக்குத் தேங்காய் ஒன்றும் செய்யாது. ஆனால் தேங்காயே ஆகாதவர்களும் உண்டு. விருந்தாளியின் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுடுங்க. உங்கள் பிள்ளைக்கு முதல் தடவை கொடுப்பதானால் அலர்ஜி டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்க.

அடுத்தது பாத்திரம். லேபிளை எவ்வளவு கவனமாகப் படித்தாலும், நேற்று குருமாவுக்கு முந்திரி அரைத்த ஜாரில் இதை அரைத்தால் பயனில்லை. பிளேடுக்கு அடியில் இருக்கிற வாஷரைக் கழற்றிப் பாருங்க, அங்கேதான் மிச்சம் ஒட்டியிருக்கும். அதைத் தனியாக சோப்பு போட்டுக் கழுவணும். மரக்கரண்டி வேண்டாம், எவர்சில்வர் போதும். கையையும் சோப்பு போட்டே கழுவுங்க. சானிடைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தைக் கையிலிருந்து அகற்றாது. ஃப்ரீசரில் வைத்தாலும் அலர்ஜிப் பொருள் அழியாது.

இப்போ செய்முறை. கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு டின், அதாவது 400 மில்லி. வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு கப். பொடித்த வெல்லம் முக்கால் கப். மேப்பிள் சிரப் 2 டேபிள்ஸ்பூன். சோளமாவு, அதாவது கார்ன் ஸ்டார்ச், 2 டேபிள்ஸ்பூன். சுக்குப்பொடி அரை டீஸ்பூன், பட்டைப்பொடி அரை டீஸ்பூன், ஏலக்காய் கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். ஹாலோவீனுக்குக் குடைகிற பெரிய பரங்கிக்காய் வேண்டாம், அதில் நாரும் தண்ணீரும்தான் அதிகம். சின்னதாக இருக்கிற பை பம்ப்கின் வாங்குங்க. டின்னில் வாங்கினால் பரங்கிக்காய் மட்டும் இருக்கிற டின்னாகப் பாருங்க. பை ஃபில்லிங் என்று போட்டிருப்பதில் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்திருக்கும்.

வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்க, மண் இருக்கும். சோளமாவைக் கொஞ்சம் தேங்காய்ப்பாலில் கட்டியில்லாமல் கரைத்து வைங்க. மீதி எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றி, சூடானதும் சோளமாவுக் கரைசலை ஊற்றிக் கிளறுங்க. கரண்டியின் முதுகில் படிகிற அளவுக்குக் கெட்டியானதும் இறக்குங்க. ஆறியதும் நன்றாக அரைத்து, ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரம் வைங்க.

மெஷின் வேண்டாம். அகலமான தட்டையான டிரேயில் மெல்லிசாகப் பரப்பி ஃப்ரீசரில் வைங்க. மெல்லிசாக இருந்தால் சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால் ஐஸ் துகள் சின்னதாக இருக்கும், நாக்கில் நறநறவென்று படாது. உறைந்ததும் துண்டு போட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு அடித்து, டப்பாவில் அழுத்தி மறுபடி வைங்க. பரிமாறுவதற்குப் பதினைந்து நிமிஷம் முன்னால் வெளியே எடுத்தால் சரியாக இளகியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: உடம்புக்கு நல்லது என்று வெல்லத்தைப் பாதியாகக் குறைக்காதீங்க. வெறும் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையும். சர்க்கரை கரைந்த தண்ணீர் அதற்கும் கீழே போனால்தான் உறையும், ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலும் ஒரு பகுதி உறையாமல் நிற்கும். அந்த உறையாத பகுதிதான் கரண்டி இறங்குகிற மென்மையைக் கொடுக்கிறது. வெல்லம் குறைந்தால் செங்கல்தான் வரும்.

தேங்காயும் ஆகாதவர்களுக்கு ஆப்பிள் சார்பெ செய்யலாம். நாலு ஆப்பிளைத் தோல் சீவி, அரை கப் சர்க்கரை, அரை கப் தண்ணீர், பட்டை ஒரு துண்டு போட்டு வேகவைங்க. பட்டையை எடுத்துவிட்டு, ஒரு எலுமிச்சை பிழிந்து அரைத்து, அதே டிரே முறையில் உறைய வைங்க. ஆப்பிளில் இருக்கிற பெக்டின் அதை வழவழப்பாக்கும்.

பரிமாறும்போது கோன் வேண்டாம், சாதாரண கோனில் கோதுமை இருக்கும். கிண்ணம் போதும். மேலே தூவ வறுத்த பூசணி விதை நன்றாக இருக்கும், நட்ஸ் வறுக்கிற இடத்தில் வறுத்ததா என்று மட்டும் பாக்கெட்டில் பாருங்க. டப்பாவுக்குத் தனிக் கரண்டி வைங்க, அந்தக் கரண்டி வேறு எந்தப் பாத்திரத்திலும் போகக் கூடாது. என்னென்ன போட்டீங்கன்னு ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்திலேயே வைங்க, பிராண்ட் பேரோட. அலர்ஜி உள்ள பிள்ளையின் அம்மா, அப்பா உங்களிடம் கூச்சப்பட்டுக் கேட்க வேண்டியிருக்காது, தாங்களே படித்துக்கொள்வார்கள். எபிநெஃப்ரின் வைத்திருக்கிற பிள்ளை வந்தால் அது யார் கையில் இருக்கு என்று வாசலிலேயே கேட்டு வச்சுக்கோங்க.

செய்து பார்த்துட்டு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.