நம்மவர் தொழில்களும் பெல்லட் பாய்லரும்
(நாகமலை புதுக்கோட்டையில் கூடிய மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசப் புகுந்த விஷயம் அடுப்பைப் பற்றியது. அடுப்பென்றால் பெண்டிர் காரியமென்று எவரும் முகந்திருப்ப வேண்டா. அரிசி ஆலை, சாயப் பட்டறை, உணவு விடுதி, கலியாண மண்டபம், மாணவர் இல்லம் என்னும் இவற்றுள் ஒன்றோடேனும் தொடர்பில்லாத குடும்பம் இச்சபையில் மிகச் சிலவே. இவையனைத்தும் நீராவியாலோ வெந்நீராலோ நடப்பன. இப்பொழுது பெல்லட் பாய்லர் விற்போர் நம்மவர் வாயில்தோறும் வந்து நின்று, டீசலையும் காஸையும் விட்டொழித்தால் செலவு பாதியாகுமென்று கூறுகின்றனர். அக்கூற்றை நம்பிக் கடன்படுமுன், அதில் மெய் எவ்வளவென்று ஆராய்வது நம் கடமையன்றோ?

பெல்லட் என்பது யாது? மரத்தூள், நிலக்கடலைத் தொலி, கரும்புச் சக்கை, பருத்தி மார் முதலியவற்றைப் பொடித்து உலர்த்தி, துளையிட்ட எஃகு அச்சின் வழியே பேரழுத்தத்தோடு பிதுக்கிச் செய்யும் சிறு குச்சி. 6 முதல் 8 மில்லிமீட்டர் கனம் இருக்கும். நாமக்கல் பக்கத்தில் கோழித் தீவனம் செய்யும் இயந்திரத்தைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அதற்கு உடன்பிறந்ததே இது. பசை ஒன்றும் சேர்ப்பது அவசியமன்று. அழுத்தத்தில் எழும் சூட்டினால் மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் இளகி, ஆறியபின் தானே இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

1973-இல் எண்ணெய் விலை ஏறிய பின்னர் அமெரிக்கர் இதில் கருத்தூன்றினர். 1991-இல் கரியமில வாயுவுக்கு வரி விதித்த சுவீடன் தேசத்தார், ஊர் முழுவதற்கும் வெந்நீர் காய்ச்சி அனுப்பும் நிலையங்களில் இதனை எரிக்கலாயினர். நம் நாட்டில் 2021-இல் மத்திய மின்துறை, நிலக்கரி அனல்மின் நிலையங்கள் இதனையும் சிறு பங்கு கலந்தெரிக்க வேண்டுமென்று விதித்தது. அன்று முதல் நம் சிறு வியாபாரி வாங்கும் அதே பண்டத்துக்குப் பெருங்கையொன்று போட்டிக்கு வந்துவிட்டதென்பதை மறக்கலாகாது.

இனிக் கணக்குக்கு வருவோம். நன்கு உலர்ந்த பெல்லட் ஒரு கிலோ சுமார் 4,000 கிலோகலோரி வெப்பம் தரும். பத்தில் நான்கு பங்கு நீருள்ள பச்சை விறகோ அதில் பாதியைச் சற்றே மிஞ்சும். எடையில் ஒரு பங்கு வெறும் நீராயிருப்பதோடு, அந்நீரை ஆவியாக்குவதிலும் வெப்பம் கழிகிறது. நாம் விறகென்று விலை கொடுத்து வாங்குவதில் நீருக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றோம்! சமையல் காஸ் கிலோவுக்குச் சுமார் 11,000 தரும். பாய்லரில் நேரும் சேதாரத்தையும் கழித்துப் பார்த்தால், 19 கிலோ காஸ் உள்ள வாணிப சிலிண்டர் ஒன்று செய்யும் வேலையைச் செய்யச் சுமார் 60 கிலோ பெல்லட் வேண்டும். ஆகவே, 60 கிலோ பெல்லட்டின் விலையோடு வண்டிக் கூலி, விசிறிக்கும் திருகுக்கும் ஆகும் மின்சாரம், சாம்பல் அள்ளும் கூலி எல்லாவற்றையும் கூட்டுக. அத்தொகை ஒரு சிலிண்டரின் விலைக்குக் குறைவாயின் லாபம், இல்லையேல் நஷ்டம். விற்பவன் காட்டும் வண்ணப் படங்களினும் இக்கணக்கு நம்பத்தக்கது.

செலவு ஒருபுறமிருக்க, பெல்லட்டின் மெய்யான சிறப்பு அதன் ஒருசீர்மையே. ஒரே கனம், ஒரே உலர்வு உள்ள பண்டமாதலின், திருகு ஒன்று அதனை அளவாகத் தள்ளும். விசிறி காற்றை அளவாக ஊதும். புகை மிகக் குறையும். விறகு பாய்லரின் வாயைத் திறந்து திறந்து மூடும் ஆள், நாள் முழுவதும் அனலிலும் புகையிலும் நிற்கின்றான். ஐம்பது வயதில் அவன் இருமுவதைக் கேட்டவர், இது வெறும் இயந்திர விஷயமென்று சொல்லார்.

அப்படியாயின் எல்லாரும் வாங்குக என்கின்றோமா? இல்லை. அரிசி ஆலைக்காரர் வாங்க வேண்டா என்பதே நம் அபிப்பிராயம். ஒரு டன் நெல்லைக் குத்தினால் சுமார் 200 கிலோ உமி கிடைக்கும். அதனை அப்படியே எரித்து நெல் அவிக்கவும் உலர்த்தவும் செய்யலாம். சோழவந்தான் பக்கத்து நெல்லை அரைத்துக்கொண்டு பெல்லட்டை விலைக்கு வாங்குவது, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாகும். இப்புதிய பாய்லர் பொருந்துவது காஸும் டீசலும் எரிக்கும் விடுதிகளுக்கும், மாணவர் இல்லங்களுக்கும், சிறு சாயப் பட்டறைகளுக்குமே.

வாங்குவோர்க்கும் இடர்கள் உள. கடலைத் தொலியில் மண் ஒட்டியிருக்கும். பருத்தி மாரில் பொட்டாசியம் மிகுதி. இத்தகைய சாம்பல் அடுப்புச் சூட்டில் உருகிக் கட்டியாகித் தட்டினை அடைத்துவிடும். பின்னர் உளி கொண்டுதான் பெயர்க்க வேண்டும். மரத்தூள் பெல்லட்டில் சாம்பல் சொற்பமே. உமி பெல்லட்டில் ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பலே. பெல்லட் என்ற ஒரே பெயரில் இரண்டும் விற்பனைக்கு வருகின்றன! ஐப்பசி மழையில் நனைந்தால் மூட்டை முழுவதும் மீண்டும் தூளாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

சீமைக் கருவேலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை வேரோடு அகற்ற உத்தரவிட்டது பலர்க்கு நினைவிருக்கும். அது வைரம் பாய்ந்த நல்ல விறகே; கண்மாய்களை அடைத்து நிற்பதைப் பெல்லட்டாக்குவது இரட்டை லாபமே. ஆயினும், ஒழிக்கப்பட வேண்டிய ஒன்றை நம்பி இருபது ஆண்டுத் தவணையில் ஆலை வைப்பவன், அது ஒழியாதிருக்கவே விரும்புவான். ஆதலால் அதனைப் பக்கத் துணையாகக் கொள்ளலாமேயன்றி முதலாகக் கொள்ளலாகாது.

நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவென்று மகமை வைத்துப் பேட்டையும் கிணறும் கண்டனர். விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை 1889-இல் எழுந்தது அம்மகமையால். இந்நாகமலை அடிவாரத்தில் 1965-இல் நாடார் மகாஜன சங்கம் கல்லூரி நிறுவியதும் கூட்டு முயற்சியாலேயே. தனித்து வாங்கும் விடுதிக்காரர்க்குத் தரமும் தெரியாது, விலையும் படியாது. பத்து விடுதியினர் சேர்ந்து ஒரே இடத்தில் வாங்கி, லாரி ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி எடுத்து, ஈரமும் சாம்பலும் எவ்வளவென்று சோதித்துப் பணம் கொடுப்பாராயின் ஏமாற்றம் நேராது. நாமே அச்சு இயந்திரம் வைப்பது அதற்குப் பின்வரும் பேச்சு. ஆண்டு முழுவதும் அதன் வாய்க்கு இரை தேடுவது எளிதன்று; பொடிக்கவும் பிதுக்கவும் ஆகும் மின்சாரமே டன்னுக்கு நூறு யூனிட் அளவில் வரும்.

அழுத்தத்தோடு நீராவி தரும் பாய்லருக்குப் பதிவும் உரிய காலச் சோதனையும் வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் வந்தபோதிலும் அக்கடமை நீங்கவில்லை. வெந்நீர் மட்டும் போதுமெனில் அழுத்தமில்லாத கலமே வாங்குக. தொல்லையும் குறைவு, அபாயமும் குறைவு.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் விடுதிக்காரரும் பட்டறைக்காரரும் தத்தம் மூன்று மாத எரிபொருட் சீட்டுகளைக் கொண்டுவர வேண்டுகின்றோம். முன்சொன்ன 60 கிலோக் கணக்கை ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே போட்டுப் பார்த்து, எவர் வாங்கலாம், எவர் வாங்க வேண்டா என்று அன்றே எழுதிவிடலாம்.