செருப்பு அளவு பார்த்து வாங்குறோம், மவுஸ் மட்டும் ஏன் கண்ணை மூடிட்டு வாங்குறோம்?

(இது எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன வாரம் கீபோர்டு பத்திப் பேசினோம். அதுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "ப்ரோ, ஆயிரம் ரூபாய்க்குள்ள எந்த மவுஸ் வாங்கலாம்?"

ஒரு மாடல் பேரைச் சொல்லிட்டு முடிச்சிடலாம். ஆனா அப்படி ஒருத்தருக்கு நான் செஞ்சு, அது தப்பாப் போன கதை ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லிட்டு, அதுலேர்ந்து நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

நான் ராஜபாளையத்துல வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன்னு உங்களுக்குத் தெரியும். பெரியம்மா பொண்ணு ஒரு அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல டிசைன் சென்டர் வச்சிருக்காங்க. கல்யாணப் பத்திரிகை, பேனர், விசிட்டிங் கார்டு, எல்லாமே கோரல் டிராவும் போட்டோஷாப்பும்தான். நாம கோடு எழுதும்போது கீபோர்டுதான் அதிகம். அவங்களுக்கு நாள் முழுக்க கை மவுஸ் மேலேயே இருக்கும். ஆடிப்பூரம் தேர் வர்ற சமயத்துல பேனர் வேலை குவியும், ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உக்காந்திருப்பாங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி அப்படி ஒரு சீசன் முடிஞ்சதும் அக்கா சொன்னாங்க: "ராத்திரி தூங்கிட்டு இருக்கும்போதே கை மரத்துப் போயி முழிப்பு வந்துருதுடா. உதறி விட்டாத்தான் சரியாகுது. இப்படியே போனா கடையை மூடிட்டு வேற எதாச்சும் பாக்கணும் போல."

நான் என்ன செஞ்சேன்? அன்னைக்கு ராத்திரியே உக்காந்து பத்து ரிவியூ வீடியோ பார்த்தேன். நான் ஆசைப்பட்டு வாங்கின மவுஸையே அவங்களுக்கும் ஒண்ணு ஆர்டர் போட்டேன். விலை அதிகம். ஏழு பட்டன், பெரிய டிபிஐ, கட்டை விரலுக்குத் தனியா ஒரு மேடை. கொண்டு போய்க் குடுத்தப்ப அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம். பதிலுக்கு அரைக் கிலோ பால்கோவா கிடைச்சுது.

ஒரு மாசம் கழிச்சு கடைக்குப் போறேன். என் மவுஸ் டப்பாவுக்குள்ள பத்திரமா இருக்கு. அக்கா கையில பழைய வயர் மவுஸ். கேட்டதும் கொஞ்சம் சங்கடப்பட்டாங்க. "டேய், நல்ல சாமான்தான். ஆனா என் கைக்கு ஆகல. பிடிக்கிறதுக்கே விரலை விரிக்க வேண்டியிருக்கு."

அப்பதான் முதல் முறையா அவங்க கையையும் என் கையையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ஸ்கேல் எடுத்து அளந்தோம். மணிக்கட்டுக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் எனக்கு 19.5 சென்டிமீட்டர். அவங்களுக்கு 16.5. நான் வாங்கிக் குடுத்த மவுஸோட நீளம் 12.5 சென்டிமீட்டர், எடை 140 கிராம். அதாவது என் செருப்பை அவங்களுக்கு மாட்டி விட்டிருக்கேன்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்டச் சொன்னேன். எங்க அம்மா சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி வெட்டுற வேலை பல வருஷம் பார்த்தவங்க. அவங்க கத்தரிக்கோலை வீட்டுல யாரும் தொடக் கூடாது. கட்டை விரல் போற வளையத்துல துணி சுத்தி, தன் விரலுக்குத் தகுந்த மாதிரி அதை ஆக்கி வச்சிருப்பாங்க. கதையைக் கேட்டுட்டு அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "கையை அளக்காம சாமான் வாங்கலாமா?"

இன்னைக்கு நான் சொல்ல வர்றதும் அவ்வளவுதான். முதல்ல கை, அப்புறம்தான் மாடல்.

மவுஸே அப்படித்தான் வந்தது

மவுஸ் பிறந்த கதையும் இதையேதான் சொல்லுது. 1964-ல டக்ளஸ் எங்கல்பார்ட்டோட யோசனையை வச்சு, பில் இங்கிலீஷ்ங்கிற இன்ஜினியர் முதல் மவுஸைச் செஞ்சார். மரக்கட்டை, அடியில ரெண்டு சக்கரம், மேல ஒரு பட்டன். உடனே "இதுதான் பெஸ்ட்"னு அவங்க முடிவு பண்ணிடல. லைட் பேனா, ஜாய்ஸ்டிக், முழங்காலால நகர்த்துற ஒரு கருவின்னு எல்லாத்தையும் வச்சு, ஆட்களை உக்கார வச்சு சோதனை பண்ணாங்க. கொஞ்சம் பழகினவங்ககிட்ட மவுஸ் முந்திடுச்சு. 1968 டிசம்பர் 9-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவுல உலகத்துக்கு அதைக் காட்டினாங்க. ஆளுங்க கையில குடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒரு பொருளை, நாம இன்னைக்கு போட்டோவைப் பார்த்து வாங்கிட்டு இருக்கோம்.

அளவு, பிடி, எடை

இப்ப ஒரு ஸ்கேல் எடுங்க. கையை நீட்டி, மணிக்கட்டுக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் அளங்க. அதுல சுமார் 60 சதவீதம் உங்களுக்கு ஏத்த மவுஸோட நீளம். இது தோராயக் கணக்குதான், ஆனா ஆரம்பிக்க நல்ல இடம். அக்கா கைக்கு 10 சென்டிமீட்டர் கிட்ட வரும். எனக்கு 11.7. ஆன்லைன்ல எந்த மவுஸ் பார்த்தாலும் கீழ 'டைமென்ஷன்'னு போட்டிருப்பாங்க. டிபிஐ பார்க்கிறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

அடுத்தது பிடி. மவுஸை நீங்க எப்படிப் பிடிக்கிறீங்கன்னு இப்பவே குனிஞ்சு பாருங்க. உள்ளங்கை முழுசும் மவுஸ் மேல படுத்திருந்தா, முதுகு கொஞ்சம் உயரமா, நீளமா இருக்கிற மவுஸ் வேணும். உள்ளங்கையோட பின்பக்கம் மட்டும் பட்டு, விரல் மடங்கி நின்னா, நடுத்தரம் போதும். விரல் நுனியில மட்டும் பிடிக்கிறீங்கன்னா சின்னதா, லேசா இருக்கிறது நல்லது.

எடை பத்தி: அதிகம் தூக்கித் தூக்கி வைக்கிற வேலைன்னா லேசான மவுஸ். 100 கிராமுக்குள்ள இருந்தா பெரும்பாலான ஆட்களுக்குச் சிரமம் இருக்காது. வயர்லெஸ் மவுஸ்ல போடுற ஒரு ஏஏ பேட்டரியே 20 கிராமுக்கு மேல இருக்கும், அதையும் கணக்குல எடுத்துக்கோங்க.

டிபிஐ? ஆபீஸ் வேலைக்கு 1000, 1600 தாராளம். இருபதாயிரம் டிபிஐன்னு டப்பா மேல எழுதியிருக்கிறதுக்காகக் காசு குடுக்காதீங்க.

எவ்வளவு நாள் உழைக்கும்?

பட்டனுக்கு அடியில ஒரு குட்டி சுவிட்ச் இருக்கு. மெல்லிசான உலோகத் தகடு வளைஞ்சு இன்னொரு உலோகத்தைத் தொடும், அந்த சத்தம்தான் 'டிக்'. சாதாரண சுவிட்ச்சுக்கு 1 கோடி கிளிக், 2 கோடி கிளிக்னு போடுவாங்க. ஒரு நாளைக்கு 5000 கிளிக், வருஷத்துக்கு 300 நாள்னு வச்சுக்கிட்டா 15 லட்சம். 1 கோடிக்கு ஆறரை வருஷம் வரணும். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு தடவை அழுத்தினா ரெண்டு தடவை விழ ஆரம்பிக்கும், பார்த்திருப்பீங்க. தகடு தளர்ந்து போறதும், தொடுற இடத்துல ஆக்சைடு படலம் படியுறதும் முக்கியமான காரணங்கள். ஆப்டிகல் சுவிட்ச்னு வர்றதுல கிளிக்கை வெளிச்சம்தான் கண்டுபிடிக்குது, உலோகம் உலோகத்தைத் தொட வேண்டியதில்ல. அதனால இந்தத் தொல்லை அதுல வராது.

நம்ம ஊருக்குன்னு ரெண்டு விஷயம் சேர்த்துச் சொல்றேன். ஒண்ணு, ரப்பர் மாதிரி மெத்துனு பூச்சு போட்ட மவுஸ். கடையில தொடும்போது சுகமா இருக்கும். நம்ம வெயிலுக்கும் வேர்வைக்கும் சில வருஷத்துல பிசுபிசுன்னு கையில ஒட்ட ஆரம்பிச்சிடும். சொரசொரப்பான சாதா பிளாஸ்டிக் எவ்வளவோ மேல். ரெண்டு, தூசி. மில்லுப் பக்கம் வீடு இருக்கிறவங்களுக்குத் தெரியும், பஞ்சு எங்கெங்க போய் உக்காரும்னு. ஸ்க்ரோல் கீழ உருட்டினா மேல தாவுதுன்னா, சக்கரத்துக்கு உள்ள தூசி போயிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. வாரம் ஒரு தடவை ஊதி, துடைச்சு வைங்க.

வயரா, வயர்லெஸ்ஸா? ஒரே மேஜையில ஒரே கம்ப்யூட்டர்னா வயர் போதும், விலையும் கம்மி, சார்ஜ் கவலையும் இல்ல. வயர்லெஸ்னா நான் ஏஏ பேட்டரி போடுறதைத்தான் சொல்வேன். மாசாந்திர பராமரிப்புன்னு காலையில போற கரண்ட் சாயங்காலம்தான் வரும். அன்னைக்கு மவுஸையும் சார்ஜ் போட மறந்திருந்தா அவ்வளவுதான். இன்னொண்ணு, டாங்கிளை நீல நிற யுஎஸ்பி 3 போர்ட் பக்கத்துல சொருகினா சில சமயம் கர்சர் திக்கும். அந்தப் போர்ட்ல ஹார்ட் டிஸ்க் ஓடும்போது வர்ற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும். டாங்கிளைக் கொஞ்சம் தள்ளிச் சொருகிப் பாருங்க, புது மவுஸ் வாங்கற செலவு மிச்சமாகலாம்.

பில்லை மறக்காம வாங்குங்க. சில கம்பெனி மூணு வருஷம் வாரண்டி தர்றாங்க. பில் இல்லாம அது வெறும் ஸ்டிக்கர்.

வலி இருக்கிறவங்களுக்கு

இது கொஞ்சம் சீரியஸ். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகுது, குறிப்பா ராத்திரியில, அப்படின்னா மவுஸ் தேடுறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க. மணிக்கட்டுல ஒரு குறுகலான பாதை இருக்கு. மீடியன் நரம்பு அது வழியாத்தான் போகுது. அது அழுந்தினா இப்படி வரும். கார்பல் டனல்னு சொல்வாங்க. சர்க்கரை, தைராய்டு இருந்தாலும் வரலாம். அதனால பழி முழுசையும் மவுஸ் மேல போட்டுட்டு உக்காந்திடாதீங்க. நானும் அக்காவும் அப்படித்தான் அஞ்சு மாசத்தை வீணாக்கினோம்.

வெர்டிகல் மவுஸ் பத்தி நிறைய பேர் கேட்டீங்க. கை குலுக்கற மாதிரி நிமிர்ந்து பிடிக்கிறது. முன்னங்கை முறுக்கிக்கிட்டு இருக்கிறதை அது குறைக்கும், சிலருக்கு நல்ல சுகம். ஆனா அது மருந்து இல்ல. அதுலயும் அளவு பார்க்கணும். உதாரணத்துக்கு லாஜிடெக்ல லிஃப்ட்னு ஒண்ணு சின்ன, நடுத்தரக் கைக்கு, இடது கைக்காரங்களுக்கும் தனியா வருது. அதே கம்பெனியோட எம்எக்ஸ் வெர்டிகல் பெரிய கைக்கு. பேர் பார்த்து மாத்தி வாங்கினா நான் செஞ்ச அதே தப்புதான்.

காசு செலவில்லாத வேலையும் இருக்கு. முழங்கை உடம்போட ஒட்டி இருக்கட்டும். மேஜை உயரமா இருந்தா நாற்காலியில ஒரு தலகாணி போடுங்க, கால் தொங்கினா கீழ ஒரு பலகை வைங்க. நம்பர் பேட் இருக்கிற நீளமான கீபோர்டு மவுஸை வலது பக்கம் தள்ளி விட்டுடும், அதனால தோள் வலிக்கும். கர்சர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சா கை கம்மியா நகரும். முக்கியமா, மவுஸை இறுக்கிப் பிடிக்காதீங்க. அது எங்கயும் ஓடிடாது.

அக்கா கதைக்கு வர்றேன்

டாக்டர் ராத்திரியில போட்டுக்க மணிக்கட்டுப் பட்டை குடுத்தார். நாற்காலியை உயர்த்தினோம். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ராஜபாளையத்துல ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். டெமோவுக்குப் பிரிச்சு வச்சிருந்ததை ஒவ்வொண்ணா அக்கா பிடிச்சுப் பார்த்தாங்க. கடைக்காரர் முறைக்கிற வரைக்கும் பார்த்தாங்க. கடைசியில எடுத்தது 10 சென்டிமீட்டர் நீளத்துல ஒரு சாதா மவுஸ், எழுநூறு ரூபாய்க்குள்ள. நான் முதல்ல குடுத்ததோட விலையில பத்துல ஒரு பங்கு கூட இல்ல.

இப்ப ராத்திரி முழிப்பு வர்றது ரொம்பக் குறைஞ்சிருக்கு. பட்டையாலயா, நாற்காலியாலயா, மவுஸாலயா? என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. கடை மூடல. இந்த வருஷம் ஆடிப்பூரம் பேனரும் அவங்கதான் போட்டாங்க, ஒன்பது மணிக்கே கடையை அடைச்சுட்டு.

அந்த விலை கூடின மவுஸ் இப்ப எங்கிட்ட இருக்கு. என் கைக்கு அருமையா இருக்கு. நான் எனக்குத்தானே வாங்கியிருக்கேன்!

சரி மக்களே, உங்க கை எத்தனை சென்டிமீட்டர்னு அளந்து கமெண்ட்ல போடுங்க. "எந்த மவுஸ் வாங்கலாம்"னு கேக்கறவங்க, அந்த நம்பரையும் சேர்த்துக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல நாற்காலி. அதுவரைக்கும் கையைப் பார்த்துக்கோங்க.